தூண் நெளியவில்லை, அல்லது தவறாக நெளிகிறது: பக்ளிங் மாடலில் அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

அழுத்தும் லோடில் தூண் பக்கவாட்டில் வளைந்து நெளிவதுதான் பக்ளிங். அதைக் கணினியில் கணக்கிடும் மாடலில் வரும் பிழைகள் பெரும்பாலும் சிவப்பு எழுத்தில் வருவதில்லை. அனாலிசிஸ் ஓடி முடியும், வளைந்த தூணின் படம் அழகாக வரும், ஒரு எண்ணும் வரும். அந்த எண் உண்மையைப்போல் நான்கு மடங்கு இருந்தாலும் மென்பொருள் வாய் திறக்காது. அதனால் கையால் போட்ட கணக்கு ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஸ்டாட் ப்ரோ, சாப் 2000, அபாகஸ், ஆன்சிஸ் என்று எதில் வேலை செய்தாலும் இது பொருந்தும்.

அந்தக் கணக்கை முதலில் போட்டுவிடுவோம். கீழே வரும் எல்லா அறிகுறிகளுக்கும் ஒரே தூணைத்தான் அளவுகோலாக வைக்கப் போகிறேன்.

பழைய ஐஎஸ் (இந்தியத் தரநிலை) கையேட்டு அட்டவணையில் உள்ள ஐஎஸ்எம்பி 200, அதாவது 200 மி.மீ. உயர ஐ வடிவ எஃகு செக்ஷன். பரப்பு 32.33 செ.மீ.², வலுவான அச்சில் ஐ (வளைவை எதிர்க்கும் நிலைமத் திருப்புத்திறன்) 2235.4 செ.மீ.⁴, மெலிந்த அச்சில் ஐ 150 செ.மீ.⁴. நீளம் 3 மீட்டர், இரு முனையும் பின் (சுழலலாம், பக்கவாட்டில் நகரக் கூடாது). எஃகின் ஈ மதிப்பு (மீள்மைக் குணகம்) 2 லட்சம் நியூட்டன்/மி.மீ.², ஈல்டு (எஃகு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அழுத்தம்) 250. ஆய்லர் 1744-லேயே தந்துவிட்ட சூத்திரம்: பை வர்க்கம் பெருக்கல் ஈ பெருக்கல் ஐ, அதை நீளத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். மெலிந்த அச்சில் 329 கிலோநியூட்டன் வருகிறது. வலுவான அச்சில் 4,903. தூண் நெளியாமல் வெறுமனே நசுங்க வேண்டுமானால், அதாவது ஈல்டு லோடு, 808 கிலோநியூட்டன்.

329, 4903, 808. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டிவிட்டு, இதே தூணை உங்கள் மென்பொருளில் தனியாகப் போட்டுப் பாருங்கள். 329 வந்தால் மட்டும் உங்கள் நிஜ மாடலுக்குப் போங்கள். வராவிட்டால் கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

எவ்வளவு லோடு ஏற்றினாலும் தூண் நேராகவே நிற்கிறது

1,000 கிலோநியூட்டன் ஏற்றுகிறீர்கள். தூண் 4.6 மி.மீ. குறுகுகிறது, பக்கவாட்டில் ஒரு மயிரிழைகூட நகரவில்லை. நீங்கள் ஓட்டியது சாதாரண லீனியர் ஸ்டாட்டிக் அனாலிசிஸ். அதற்கு நெளிவு என்றால் என்னவென்றே தெரியாது. சமநிலைச் சமன்பாட்டை அது தூணின் தொடக்க வடிவத்தில் எழுதுகிறது. அச்சுவிசை தூணின் வளைவு விறைப்பைத் தின்றுகொண்டே போகும் என்ற செய்தி அந்தச் சமன்பாட்டில் இல்லை. தனியாக ஒரு பக்ளிங் கேஸ் போட வேண்டும்.

சிலர் இந்த இடத்தில் நான்லீனியர் கேஸுக்கு மாறுவார்கள், அப்போதும் தூண் நேராகவே நிற்கும். இதுதான் பலரை உண்மையாகவே குழப்புகிறது. காரணம், உங்கள் மாடலில் உள்ள தூண் கடவுளே செய்த தூண்: மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வளைவில்லை, லோடு சரியாக மையத்தில். 329-ஐத் தாண்டியதும் நேராக நிற்பது நிலையற்ற சமநிலை, ஆனால் அதுவும் சமநிலைதான். பக்கவாட்டில் தள்ள எதுவும் இல்லாததால் கணினி அதே நேர்கோட்டில் ஏறிப் போய்க்கொண்டே இருக்கும். தூணுக்கு ஒரு சிறு தொடக்க வளைவு கொடுக்க வேண்டும். அதை எவ்வளவு, எப்படிக் கொடுப்பது என்பதைத் தனியாகக் கீழே சொல்கிறேன்.

329 வர வேண்டிய இடத்தில் 400 வருகிறது

சரியாக 400 என்றால், தூணை ஒரே எலிமெண்டாக (மாடலைப் பிரிக்கும் துண்டு) போட்டிருக்கிறீர்கள். ஒரு பீம் எலிமெண்டுக்குள் வளைவை மூன்றாம் படிப் பல்லுறுப்புக்கோவையாகத்தான் மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. உண்மையான வளைவு சைன் அலையின் பாதி. இரண்டும் பொருந்தாததால் தூண் இல்லாத விறைப்பைக் காட்டுகிறது. சூத்திரத்தில் பை வர்க்கம், அதாவது 9.87, நிற்க வேண்டிய இடத்தில் 12 வந்து நிற்கும். பிழை 21.6 சதவீதம், அதுவும் ஆபத்தான பக்கம்.

தூணை நடுவில் ஒரு நோடு (துண்டுகள் சேரும் புள்ளி) வைத்து இரண்டாக உடைத்தால் 331.5. நான்காக உடைத்தால் 329.2. அதற்கு மேல் உடைப்பதால் இந்தத் தூணுக்குப் பயனில்லை. ஒவ்வொரு தூணையும் நான்காக உடைப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரு முனையும் ஃபிக்ஸ் செய்த, அதாவது சுழலவும் விடாமல் பூட்டிய தூணை ஒரே எலிமெண்டாகப் போட்டால் இன்னும் மோசம். நகரக்கூடிய பக்கவாட்டு நோடே இல்லாததால் அந்தத் தூணின் நெளிவு மோடு (நெளியும் வடிவம்) பட்டியலிலேயே வராது. பெரிய ஃபிரேமில் இது நடந்தால் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் மற்ற மெம்பர்களின் மோடுகள் வந்து பட்டியலை நிரப்பிவிடும்.

ஒரு எச்சரிக்கை: மேலே சொன்ன எண்கள் மூன்றாம் படி வடிவம் கொண்ட பீம் எலிமெண்டுக்கு. அபாகஸில் பி31, ஆன்சிஸில் பீம்188 இரண்டும் அப்படியே எடுத்தால் நேர்கோட்டு வடிவம் கொண்டவை. அவற்றில் நான்கு போதாது. உடைப்பை இரட்டித்துக்கொண்டே போய், எண் அசையாமல் நிற்கும் இடத்தைப் பாருங்கள். பீம்188-ல் கீஆப்ட் 3-ஐ மாற்றி மூன்றாம் படி வடிவம் வாங்கலாம். அபாகஸில் பி33 இருக்கிறது.

விடை பதினைந்து மடங்கு பெரிதாக வருகிறது

4,903 வந்தால், தூண் வலுவான அச்சில் நெளிகிறது என்று பொருள். மெலிந்த அச்சில் நெளிய நீங்கள் வழி விடவில்லை. மாடல் இரு பரிமாணத்தில் இருக்கலாம், சாப் 2000-ல் பிளேன் ஃபிரேம் தேர்வு விழுந்திருக்கலாம், அல்லது நடு நோடுகளில் ஏதோ ஒரு திசை பூட்டப்பட்டிருக்கலாம். மோடு படத்தை மேலிருந்து பாருங்கள். எந்தப் பக்கம் வளைகிறது என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். ஸ்டாட்டில் பீட்டா கோணம் 90 விட்டுப்போனால், நீங்கள் நினைத்த திசையில் வெப் (செக்ஷனின் நடுத்தகடு) இருக்காது. தனித் தூணில் அது தெரியாது. கிர்ட் (சுவர்த் தகடைத் தாங்கும் கிடை மெம்பர்) ஒரு பக்கம் மட்டும் தாங்கும் ஷெட் தூணில் மொத்தக் கணக்கையும் மாற்றிவிடும். ரெண்டர் செய்த முப்பரிமாணப் படத்தை ஒரு முறை சுற்றிப் பார்க்காமல் பக்ளிங் ஓட்டாதீர்கள்.

லோடு ஃபாக்டர் கோடிக்கணக்கில் வருகிறது, அல்லது வரவே இல்லை

வைத்த லோடை எத்தனை மடங்காக்கினால் தூண் நெளியும் என்ற எண்தான் லோடு ஃபாக்டர். அடிக்கடி வரும் பிழை இதுதான். புதிதாகச் சேரும் பொறியாளர்களில் பாதிப் பேர் முதல் நாளே இங்கு வந்து நிற்பார்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பாடப்புத்தகத்தில் ‘இரு முனையும் பின்’ என்று இருக்கும். அதைப் பார்த்து மேல் நோடிலும் கீழ் நோடிலும் ‘பின்டு’ சப்போர்ட் போடுகிறார்கள். மென்பொருளில் பின்டு என்றால் மூன்று திசை நகர்வையும் பூட்டுவது, செங்குத்துத் திசையும் அதில் அடக்கம். மேல் நோடில் வைத்த லோடு தூணுக்குள் இறங்காமலே நேராக அந்த மேல் சப்போர்ட்டுக்குப் போய்விடும். தூணில் அச்சுவிசை சுழியம். அச்சுவிசை இல்லையென்றால் நெளிவும் இல்லை.

கண்டுபிடிப்பது எளிது. பக்ளிங் கேஸைத் தொடும் முன்பே, அதே லோடுக்கு லீனியர் கேஸ் ஓட்டி, அச்சுவிசைப் படத்தைத் திறந்து பாருங்கள். 100 கிலோநியூட்டன் வைத்தால் தூண் முழுக்க 100 கம்ப்ரெஷன் தெரிய வேண்டும். ரியாக்ஷன் அட்டவணையில் கீழ் நோடில் 100, மேல் நோடில் செங்குத்தாக சுழியம். மாறியிருந்தால் சப்போர்ட்டைத் திருத்துங்கள். ஸ்டாட்டில் ஒய் அச்சு மேல்நோக்கி என்று வைத்தால், மேல் நோடுக்கு ‘ஃபிக்ஸ்டு பட் எஃப்ஒய் எம்எக்ஸ் எம்ஒய் எம்இசட்’ என்று எழுத வேண்டும். பக்கவாட்டில் மட்டும் பிடிக்கும், இறங்க விடும்.

அப்புறம் இதன் இரட்டைப் பிள்ளையும் வரும். சப்போர்ட்டைத் திருத்தியதும் ‘இன்ஸ்டெபிலிட்டி’ என்று ஓர் எச்சரிக்கை, அல்லது சுழியத்துக்கு அருகில் ஓர் ஈகன் மதிப்பு (அதே ஃபாக்டர்தான்). தூண் இப்போது தன் அச்சிலேயே பம்பரம் போலச் சுழலலாம், ஏனென்றால் இரு முனையிலும் முறுக்கை விடுவித்துவிட்டீர்கள். கீழ் முனையில் அந்த ஒரு சுழற்சியை மட்டும் பூட்டுங்கள்: ஸ்டாட்டில் கீழ் நோடு ‘ஃபிக்ஸ்டு பட் எம்எக்ஸ் எம்இசட்’. நெளிவு லோடை இது தொடாது.

இன்னொரு நுணுக்கம். 1 கிலோநியூட்டன் வைத்து ஓட்டினால் ஃபாக்டரே கிலோநியூட்டனில் விடையாக வரும், வசதியான பழக்கம். ஆனால் செல்ஃப் வெயிட் அதே கேஸில் ஒட்டிக்கொண்டிருந்தால் 329-க்குப் பதில் 235-க்கும் 240-க்கும் இடையில் ஓர் எண் வரும். இந்தத் தூணின் எடை ஏறத்தாழ 0.75 கிலோநியூட்டன். நீங்கள் வைத்த 1 கிலோநியூட்டனுக்கு முன்னால் அது சிறியதல்ல, ஃபாக்டர் அதையும் சேர்த்தே பெருக்குகிறது. அளவுகோல் தூணுக்கு செல்ஃப் வெயிட்டை எடுத்துவிடுங்கள்.

நான்கில் ஒரு பங்கு வருகிறது, அல்லது நான்கு மடங்கு வருகிறது

முனைக் கட்டுப்பாடு. அதே தூணுக்குக் கீழே ஃபிக்ஸ், மேலே முற்றிலும் சுதந்திரம் என்றால் 82. கீழே ஃபிக்ஸ், மேலே பின் என்றால் 673. இரண்டும் ஃபிக்ஸ் என்றால் 1,316. உங்கள் விடை இவற்றில் ஏதாவது ஒன்றின் அருகில் நிற்கிறதா பாருங்கள். நின்றால் மாடலில் நீங்கள் சொல்ல நினைத்தது ஒன்று, சொன்னது வேறு.

1,316-ஐ இன்னொரு முறை பாருங்கள். ஈல்டு லோடு 808 தான். லீனியர் பக்ளிங்குக்கு ஈல்டு தெரியாது, அது எஃகை என்றைக்கும் எலாஸ்டிக்காகவே நினைக்கிறது. குட்டையான, விறைப்பாகப் பிடிக்கப்பட்ட தூணில் அந்த எண்ணுக்கு நேரடிப் பொருள் இல்லை.

தளத்தில் நூறு சதவீத ஃபிக்ஸ் என்று ஒன்று இல்லை. எஃகு வடிவமைப்பு விதிநூலான ஐஎஸ் 800:2007 அதனால்தான் நெளியும் நீளத்தைக் குறைக்கும் காரணியாக, இரு முனை ஃபிக்ஸுக்கு 0.5 என்ற கணித மதிப்பைத் தராமல் 0.65 தருகிறது, ஃபிக்ஸ்–பின்னுக்கு 0.8. நான்கு போல்ட்டும் மெல்லிய பேஸ் பிளேட்டும் உள்ள தூணை மாடலில் ஃபிக்ஸ் என்று போட்டு பக்ளிங் ஃபாக்டர் எடுப்பதை நான் ஏற்பதில்லை. பின்னும் போடுங்கள், ஃபிக்ஸும் போடுங்கள், இரண்டு விடைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். இடைவெளி அதிகமென்றால் அந்த பேஸின் சுழற்சி விறைப்பை ஸ்பிரிங்காகக் கணக்கிட்டே ஆக வேண்டும்.

ஃபாக்டர் மைனஸில் வருகிறது

லோடைத் தலைகீழாகத் திருப்பினால்தான் நெளியும் என்று பொருள். தனித் தூணில் வந்தால் லோடின் குறியைத் தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள், தூண் இழுவையில் இருக்கிறது. முழு ஃபிரேமில் வந்தால் பயப்பட வேண்டாம், இழுவையில் உள்ள ஏதோ ஒரு மெம்பர் எதிர்த்திசை லோடில் நெளியும் என்று சொல்கிறது. காற்று இரு பக்கமும் அடிக்கும் என்றால் அந்த எதிர்த்திசைக்கும் ஒரு கேஸ் இருக்கிறதா என்று மட்டும் சரிபாருங்கள்.

முதல் முப்பது மோடும் பிரேசிங் கம்பிகள்தான்

ஷெட் மாடல்களில் இது தவறாமல் வரும். 16 மி.மீ. உருட்டுக் கம்பி, 6 மீட்டர் நீளம், பீம் எலிமெண்டாகப் போட்டு நான்காக உடைத்திருக்கிறீர்கள். கையால் போட்டுப் பாருங்கள்: நெளிவு லோடு 176 நியூட்டன். பதினெட்டு கிலோ அரிசியை மேலே வைத்தால் போதும். ஃபாக்டர் 0.02, 0.021, 0.023 என்று வரிசையாக வரும். தூணின் மோடு எங்கோ நாற்பதாவது இடத்தில் ஒளிந்திருக்கும். நாற்பது மோடு நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

கம்பி நெளிவது நிஜம்தான், தளத்திலும் அது தொய்யும். ஆனால் எக்ஸ் பிரேசிங்கில் ஒன்று தொய்ந்தால் மற்றது இழுக்கும் என்பதுதான் வடிவமைப்பே. டென்ஷன்–ஒன்லி என்று குறித்தால் போதும் என்று தோன்றும், போதாது. லீனியர் பக்ளிங் அந்தக் குறிப்பைப் படிக்காது. சாப் 2000-ல் முதலில் ஒரு நான்லீனியர் கேஸ் ஓட்டி, அதன் முடிவில் உள்ள விறைப்பிலிருந்து பக்ளிங் கேஸைத் தொடங்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு காற்றுத் திசைக்கும் அழுத்தத்தில் போகும் கம்பிகளை எடுத்துவிட்டு, இழுக்கும் கம்பிகளை உடைக்காமல் ஒரே ட்ரஸ் எலிமெண்டாக வைத்து ஓட்டுங்கள். நான் இரண்டாவது வழியைத்தான் விரும்புகிறேன். எது இருக்கிறது, எது இல்லை என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும்.

முதல் வழியில் போனால் ஒன்றை மறக்கக் கூடாது. நான்லீனியர் கேஸில் ஏற்கெனவே ஏற்றிய லோடு நிலையாக நிற்கும். ஃபாக்டர் பெருக்குவது பக்ளிங் கேஸில் புதிதாக வைத்த லோடை மட்டும். டெட் லோடை அங்கே நிறுத்தி, கிரேன் லோடை மட்டும் பெருக்கிப் பார்க்க வேண்டிய இடங்களில் இது மிகவும் பயன்படும். தெரியாமல் செய்தால், ஃபாக்டர் 5 என்று வந்ததை மொத்த லோடுக்கும் 5 என்று எழுதிவிடுவோம்.

ஆங்கிள் மெம்பரில் மட்டும் விடை அதிகமாக வருகிறது

ஆங்கிள் தன் கால்களுக்கு இணையான அச்சில் நெளியாது. மூலைவிட்டமாக உள்ள அச்சில் நெளியும். ஐஎஸ்ஏ 75×75×6-க்குக் காலுக்கு இணையான அச்சில் சுழல் ஆரம் 2.30 செ.மீ., மூலைவிட்ட அச்சில் 1.46 செ.மீ. வர்க்க விகிதம் கிட்டத்தட்ட இரண்டரை. மென்பொருள் எந்த அச்சை லோக்கல் அச்சாக எடுக்கிறது என்பது ஒன்றுக்கொன்று மாறும், ஆகவே ஒரே ஒரு ஆங்கிளைத் தனியாகப் போட்டு சோதித்துவிடுங்கள். டிரான்ஸ்மிஷன் டவர் வேலை செய்பவர்களுக்கு இது உயிர்நாடி.

மெல்லிய திறந்த செக்ஷன்களில், குறிப்பாகக் கோல்டு ஃபார்ம்டு சேனல், கூட்டல் குறி வடிவம் ஆகியவற்றில், தூண் முறுக்கிக்கொண்டும் நெளியும். ஒரு நோடுக்கு ஆறு சுதந்திரம் மட்டும் உள்ள சாதாரண பீம் எலிமெண்டில் வார்ப்பிங் (முறுக்கும்போது வெட்டுப்பரப்பு தன் தளத்தை விட்டு நெளிவது) இல்லை. அந்த மோடை அதில் நம்ப முடியாது. ஷெல் எலிமெண்டில் போட வேண்டும்.

கான்கிரீட் தூணில் ஃபாக்டர் நம்ப முடியாத அளவு நன்றாக இருக்கிறது

முழு வெட்டுப்பரப்பின் ஐ மதிப்பை வைத்திருக்கிறீர்கள். ஐஎஸ் 1893:2016 நிலநடுக்க அனாலிசிஸுக்குச் சொல்லும் குறைப்பு தூணுக்கு 0.7, பீமுக்கு 0.35. பீமைக் குறைக்க மறந்தால் தூணின் முனை இல்லாத பிடிமானத்தைப் பெறும்.

காம்பினேஷனில் பி–டெல்டா விளைவு குறைவாகத் தெரிகிறது

பி–டெல்டா என்பது அச்சுவிசை பி, பக்கவாட்டு நகர்வு டெல்டாவோடு சேர்ந்து தரும் கூடுதல் வளைவு. ஸ்டாட்டில் லோடு காம்பினேஷன் என்பது தனித்தனி கேஸ்களின் விடைகளைக் கூட்டுவது. காற்று கேஸ் தனியாக ஓடும்போது தூணில் டெட் லோடு அச்சுவிசை இல்லை. பி இல்லாமல் பி–டெல்டா எங்கிருந்து வரும்? ரிப்பீட் லோடு போடுங்கள், லோடுகளை முதலில் கூட்டிவிட்டு ஓட்டும். பக்ளிங் ஃபாக்டர்களுக்கும் இதே விதி. டெட் லோடுக்கு 8, காற்றுக்கு 12 என்று வந்ததை வைத்து இரண்டும் சேர்ந்தால் என்ன என்று கூட்டிக் கழித்துச் சொல்ல முடியாது. சேர்த்தே ஓட்ட வேண்டும்.

நான்லீனியர் ரன் பாதியில் நிற்கிறது, ‘கன்வர்ஜ் ஆகவில்லை’ என்கிறது

இதைப் பிழை என்று நினைத்து டாலரன்ஸைத் தளர்த்துபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முதலில் லோடு எதிர் நடு நோடு நகர்வு வரைபடத்தைப் போடுங்கள். கோடு மெல்லச் சாய்ந்து, கிட்டத்தட்ட படுத்து, அங்கே நின்றிருந்தால் அது பிழையல்ல, விடை. தூணால் அதற்கு மேல் தாங்க முடியாது, நீங்கள் மேலும் ஏற்றச் சொன்னீர்கள், கணினி முடியாது என்கிறது. கோடு நேராகப் போய்க்கொண்டிருக்கும்போதே பட்டென்று நின்றிருந்தால்தான் ஸ்டெப் அளவு, காண்டாக்ட் போன்ற எண் கணக்குச் சிக்கல்களைத் தேட வேண்டும்.

உச்சியைத் தாண்டி இறங்கும் பகுதியும் வேண்டுமென்றால், லோடால் தள்ளாமல் நகர்வால் தள்ளுங்கள். சாப் 2000-ல் டிஸ்பிளேஸ்மெண்ட் கண்ட்ரோல், அபாகஸில் ரிக்ஸ், ஆன்சிஸில் ஆர்க்–லெங்த்.

இப்போது தொடக்க வளைவு. வழக்கமான வழி, முதல் மோடின் வடிவத்தை எடுத்து ஓர் எண்ணால் பெருக்கி தூணின் நோடுகளை நகர்த்துவது. மோடு வடிவத்தின் பெரும நகர்வு பல மென்பொருள்களில் 1 என்று இருக்கும். மாடல் மீட்டரில் என்றால் அது 1 மீட்டர், மி.மீ.யில் என்றால் 1 மி.மீ. நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 3 மி.மீ. வேண்டுமென்றால் முதலாவதில் 0.003, இரண்டாவதில் 3. இதில் தவறினால் தூண் பிறந்தபோதே வில்லாக இருக்கும், அல்லது எதுவும் நடக்காதது போல இருக்கும். அபாகஸில் பக்ளிங் ஸ்டெப்பில் நோடு ஃபைலுக்கு நகர்வுகளை எழுதச் சொல்லியிருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த ரன்னுக்குப் படிக்க எதுவும் இருக்காது. பக்கவாட்டு லோடும் இருந்தால், வளைவு அந்த லோடு தள்ளும் பக்கமே இருக்க வேண்டும்.

சரி பார்க்க ஒரு கைக்கணக்கு: தொடக்க வளைவு, ஒன்றிலிருந்து பி–யை (அச்சுவிசை) 329-ஆல் வகுத்ததைக் கழித்தால் வருவதன் தலைகீழ் மடங்கு பெருகும். 3 மி.மீ. வளைவு 233 கிலோநியூட்டனில் 10.3 மி.மீ. ஆகும், 300-இல் 34 மி.மீ. எலாஸ்டிக் மாடலில் இந்த இரண்டு புள்ளிகளும் வந்துவிட்டால் உங்கள் நான்லீனியர் அமைப்பு சரி.

பக்ளிங் ஃபாக்டர் நன்றாக இருக்கிறது, ஆனால் கோடு செக்கில் (விதிநூல்படி சரிபார்ப்பதில்) தூண் தோற்கிறது

இரண்டும் சரி. கேட்கும் கேள்விதான் வேறு. நம் தூணுக்கு ஐஎஸ் 800 கணக்கைப் போடுவோம். மெலிவு விகிதம் (நீளத்தைச் சுழல் ஆரத்தால் வகுத்தது) 139.5. இந்த செக்ஷனுக்கு மெலிந்த அச்சில் ‘பி’ வளைகோடு, ஆல்ஃபா (தூணின் குறைகளைக் கணக்கில் சேர்க்கும் எண்) 0.34. ஈல்டு லோடைக் குறைக்கும் காரணி 0.318. தாங்கும் திறன் 257 கிலோநியூட்டன், அதைப் பாதுகாப்புக் காரணி 1.1-ஆல் வகுத்தால் 233. ஆய்லரின் 329 எங்கே, 233 எங்கே. இடைவெளியில் இருப்பது உருட்டாலையில் வந்த வளைவும், குளிரும்போது எஃகுக்குள் தங்கிவிட்ட அழுத்தங்களும்.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு சோதனை இருக்கிறது, ஒரு மாலை ஒதுக்கிச் செய்துபாருங்கள். அந்த 0.34-ஐத் திருப்பிப் போட்டால், கோடு மனதில் வைத்திருக்கும் சமான வளைவு எவ்வளவு என்று கண்டுபிடிக்கலாம்: 0.34-ஐ, லாம்டாவிலிருந்து (ஈல்டு லோடை ஆய்லர் லோடால் வகுத்ததன் வர்க்கமூலம், 1.57) 0.2 கழித்த 1.37-ஆல் பெருக்கி, மெலிந்த அச்சின் செக்ஷன் மாடுலஸ் 30 செ.மீ.³-ஆல் பெருக்கி, பரப்பால் வகுக்க வேண்டும். 4.3 மி.மீ. வருகிறது. இந்த வளைவைத் தூணுக்குக் கொடுத்து நான்லீனியர் ஓட்டுங்கள். 257 கிலோநியூட்டன் அருகில் நடு உயரத்தில் வளைவு 20 மி.மீ. ஆகும். நேரடி அழுத்தம் 79, வளைவு அழுத்தம் 170, கூட்டினால் 250-ஐத் தொடும். கோடின் வளைகோடு உங்கள் திரையிலேயே உருவாவதைப் பார்ப்பீர்கள். இதற்குப் பிறகு ஃபாக்டர் 1.4 வந்தது, ஒன்றுக்கு மேல்தானே என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் தூண் இவ்வளவு மெலிதாக இருக்கலாமா என்று உறுத்துகிறது

அந்த உறுத்தலை மதியுங்கள். மாடலில் நடு உயரத்தில் ஒரு டை மெம்பர் (தூணைப் பக்கவாட்டில் பிடிக்கும் உறுப்பு) வந்து தூணின் மையக்கோட்டில் தொடுகிறதா பாருங்கள். அந்த ஒரு நோடு நெளியும் நீளத்தைப் பாதியாக்குகிறது. ஆய்லர் கணக்கில் நான்கு மடங்கு. ஐஎஸ் 800-இல் நம் தூண் 233-லிருந்து 539-க்குத் தாவுகிறது.

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகர சிவிக் சென்டர் கூரை கணினி அனாலிசிஸை நம்பி வடிவமைக்கப்பட்டது. 1978 ஜனவரி 18 விடியற்காலையில் பனிச்சுமையில் மொத்தக் கூரையும் அரங்குக்குள் விழுந்தது. சில மணி நேரம் முன்புதான் கூடைப்பந்து ஆட்டம் பார்த்த ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பியிருந்தார்கள், அதனால் உயிர் போகவில்லை. மேல்பகுதியின் 30 அடி அழுத்த மெம்பர்கள் நடுவில் 15 அடியில் பிடிக்கப்பட்டிருக்கின்றன என்று கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூரையின் ஓர மெம்பர்களில் அந்தப் பிடிமானம் நிஜத்தில் வேலை செய்யவில்லை.

பிடிமானத்துக்குத் தேவையான விறைப்பு ஆச்சரியப்படும் அளவு சிறியது. நம் தூணை நடுவில் முழுமையாகப் பிடிக்க மி.மீ.க்கு 1.75 கிலோநியூட்டன் ஸ்பிரிங் போதும். 3 மீட்டர் நீள ஐஎஸ்ஏ 75×75×6 அச்சுத் திசையில் அதைப்போல் முப்பது மடங்குக்கு மேல் தரும். ஆகவே டை மெம்பர் தோற்பதில்லை. அதன் முனைதான் தோற்கும். மாடலில் அந்த நோடை நீக்கிவிட்டு இந்த ஸ்பிரிங்கை வைத்து, விறைப்பைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மோடு இரட்டை வளைவிலிருந்து ஒற்றை வளைவுக்கு மாறும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் சரிபார்த்த ஒரு ஷெட்டில் டையின் முனை, தூணின் ஃபிளாஞ்சில் பற்றவைத்த மெல்லிய வளைத்த தகடில், நீள்துளையில் ஒரே போல்ட்டில் நின்றது. டையைக் கையால் பிடித்து ஆட்டினேன். டை இரண்டு மி.மீ. போய் வந்தது, தூண் அசையவில்லை. மாடலில் அது ஒரு நோடு. அலுவலகத்துக்குத் திரும்பி அந்த நோடை எடுத்துவிட்டு ஓட்டினோம். வரிசையில் இருந்த பன்னிரண்டு தூண்களில் ஏழு கோடு செக்கில் தோற்றன. தகடை மாற்றி, வட்டத்துளையில் இரண்டு போல்ட் போட்டு, வெப்புக்கு ஒரு ஸ்டிஃப்னர் வைத்த பிறகுதான் அந்த நோடை மாடலில் திரும்பப் போட்டேன்.